கதை அட்டைப் பெட்டி: எல்லாம் சரி, அந்த எண்தான்!

வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்த தமிழ்க் கதை அட்டைப் பெட்டி ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். இப்போது விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று தோழி கேட்டாள். நான்கு நிறம், நான்கு நிலை என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது.

மாலையில் எங்கள் திண்ணையில் கூடுகிற பிள்ளைகள் 2ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை. எட்டாவது படிக்கிறவனுக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இன்னும் குழம்பும். மூன்றாவது படிக்கிறவள் செய்தித்தாளையே வாசிப்பாள். அதனால் நிலை பிரிப்பது அவசியம்தான். அதற்காக அட்டையின் நெற்றியிலேயே வட்டம் போட்டு, கொட்டை எழுத்தில் ‘1’ என்றா அச்சடிப்பார்கள்?

பெரியவன் மேல்நிலை நீல அட்டைக்கு அடியில் முதல் நிலைச் சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டு வாசிக்கிறான். யாராவது பக்கத்தில் வந்தால் நீலம் மேலே வந்துவிடும்.

2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோதும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அப்போது அது 1 முதல் 3ஆம் வகுப்புக்கு. பொடிசுகளுக்கு அதில் கௌரவப் பிரச்சினை இல்லை. மீசை அரும்புகிற வயதில் அப்படியா? ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கதைகளில்கூட நிலை விளக்கம் பின்னட்டையில் இருக்கிறது.

லேமினேஷன் பிரமாதம், சாம்பார் கொட்டியும் துடைத்தால் போய்விட்டது. ஆனால் எண்ணை மறைக்கலாமென்றால், அதே லேமினேஷன்மேல் மார்க்கர் நிற்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினால் நகத்தால் சுரண்டி, ‘ஒண்ணுதான், ஒண்ணுதான்’ என்று கத்துகிறார்கள்.

நான் எதிர்பார்க்காதது, எழுத்தே இல்லாத படக்கதை அட்டைகள். அவற்றில் மட்டும் எண் இல்லை. ஒன்றில், கொடியில் காயும் சேலையை ஆடு மெல்லுகிறது. சின்னவள் ‘ஆடு சேலை தின்னுது’ என்று முடித்துக்கொண்டாள். நம்ம எட்டாம் வகுப்புப் பையன், ஆட்டுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் வசனம் எழுதி, பஞ்சாயத்து வரை கொண்டுபோய்விட்டான். கொம்பெல்லாம் தப்பு, ஆனால் முழுசாக ஒரு பக்கம்! அப்புறம் அதைத் தானே சத்தமாகப் படித்துக் காட்டினான், யாரும் சொல்லாமலே.

கதைகள் நல்ல கதைகள், அட்டை உழைக்கிறது, இந்த விலைக்கு மலிவு. ஆனாலும் வாங்காதே என்றுதான் தோழியிடம் சொன்னேன். இன்று இன்னொரு ஸ்டிக்கரும் உரிந்துவிட்டது. வாங்கியே தீருவேன் என்பவர்கள் கூடவே இன்சுலேஷன் டேப் ஒரு சுருள் வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பு வேண்டாம், அட்டையின் நிறத்திலேயே பார்த்து வாங்குங்கள்.