அடிபட்ட அமெரிக்க ரயில்வே தொழிலாளிக்குச் சங்கத்தின் வக்கீல் பட்டியல்: எந்த அளவுக்கு நம்பலாம்?

அமெரிக்க ரயில்வேயில் வேலை பார்க்கிறவருக்கு அடிபட்டால், மற்ற தொழிலாளர்களுக்கு இருக்கும் மாநில இழப்பீட்டுத் திட்டம் அவருக்குக் கிடையாது. 1908-ல் வந்த ஃபெலா (FELA) என்ற ரயில்வே தொழிலாளர் நஷ்டஈட்டு மத்திய சட்டத்தின் கீழ் கம்பெனி மேல் கேஸ் போட வேண்டும், கம்பெனியின் கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டும். இதற்காகவே பிஎல்இடி (BLET), ஸ்மார்ட்-டிடி (SMART-TD) மாதிரியான ரயில்வே தொழிற்சங்கங்கள் 'டெசிக்னேட்டட் லீகல் கவுன்சல்' என்று ஒரு வக்கீல் பட்டியல் வைத்திருக்கின்றன. சங்கம் வக்கீலைக் கைகாட்டக் கூடாது என்று வர்ஜீனியா மாநில பார் என்ற வக்கீல்கள் அமைப்பு தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964-ல் சங்கத்தின் பக்கமே தீர்ப்பானது.

பெரிய காயம் என்றால் இந்தச் சேவை தாராளமாக எடுக்கத் தக்கது. விளம்பரப் பலகையில் சிரிக்கும் கார் விபத்து வக்கீலுக்கு ஹேண்ட் பிரேக்கைப் பற்றி என்ன தெரியும்? தெரியாவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஹேண்ட் பிரேக் சரியாகப் பிடிக்காத வேகன், சேஃப்டி அப்ளையன்ஸ் என்ற ரயில் பாதுகாப்புக் கருவிச் சட்டத்துக்குள் வரும். அங்கே கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையே இல்லை. சாதாரண ஃபெலா கேஸில் ஜூரி 10 லட்சம் டாலர் என்று சொல்லி, 30% தப்பு உங்களுடையது என்றால் கைக்கு 7 லட்சம்தான். பிரேக் கோளாறும் காயத்துக்குக் காரணம் என்று நின்றுவிட்டால் அந்தக் கழிவு இல்லை, முழுத் தொகையும் உங்களுக்கே. ஆனால் உபயோகத்தில் உள்ள வண்டிக்குத்தான் அந்தச் சட்டம். அதனால்தான் கம்பெனி வக்கீல்கள் 'அந்த நேரத்தில் வண்டி உபயோகத்திலேயே இல்லை' என்று மல்லுக்கட்டுவார்கள். எஞ்சின் விஷயத்தில் இதே கேள்வி 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் 4-4 என்று பிரிந்து, முடிவில்லாமலே நின்றது.

இந்த வக்கீல்களின் அருமை தெரிவது கோர்ட்டில் இல்லை, முதல் சில நாட்களில். பழுதான வேகனை மறுநாளே கார்மேன் (வேகன் பழுது பார்ப்பவர்) சரிபண்ணி அனுப்பிவிடுவார், அத்தோடு சாட்சியமும் போயிற்று. நல்ல ஆபீஸ் என்றால் கேஸை ஏற்ற உடனே வேகன் எண், எஞ்சின் கேமரா பதிவு, ஈவென்ட் ரெக்கார்டர் (வேகம், பிரேக் போன்றவற்றைப் பதியும் கருவி), பழுது பார்த்த சீட்டு எல்லாவற்றையும் அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் போகும். அது போயிற்றா என்று கேளுங்கள், நகல் வாங்குங்கள்.

நஷ்டஈட்டுப் பேச்சைக் கவனிக்கும் கம்பெனியின் கிளெய்ம் ஏஜென்ட் அன்பாகப் பேசி, வாக்குமூலத்தை ரெக்கார்ட் பண்ண வருவார். வக்கீலிடம் பேசாமல் கொடுக்காதீர்கள். விபத்து ரிப்போர்ட் மட்டும் தள்ளிப்போடாமல் எழுதியாக வேண்டும். கருவியில் கோளாறு உண்டா என்ற இடத்தில் வலியின் அவசரத்தில் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டால், பிறகு அந்த ஒரு டிக்கை வைத்தே உங்களைக் குடைவார்கள். நடைபாதையில் எண்ணெய், காலடியில் பெரிய ஜல்லி, எது காரணமோ அதை அப்படியே எழுதுங்கள்.

ஃபீஸ்: சந்தையில் மூன்றில் ஒரு பங்கு சகஜம். சங்கம் பேசி வைத்த 25% உச்சவரம்பு 1971-ம் வருட மிச்சிகன் வழக்கிலேயே பதிவாகியிருக்கிறது. எந்தத் தொகையில் 25% என்பதை எழுத்தில் வாங்குங்கள். 3 லட்சம் டாலர் செட்டில்மென்ட், செலவு 40 ஆயிரம் என்றால், மொத்தத்தில் எடுத்தால் ஃபீஸ் 75 ஆயிரம், செலவு போக எடுத்தால் 65 ஆயிரம். ரயில்ரோடு ரிட்டையர்மென்ட் போர்டு கொடுத்த நோய்க்காலப் படியும் இதிலிருந்தே திரும்பப் போகும்.

சேவை சறுக்கும் இடம், பழிவாங்கல். காயத்தை ரிப்போர்ட் செய்ததற்காகக் கம்பெனி ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் ஓஷா (OSHA) என்ற மத்திய தொழில் பாதுகாப்பு அமைப்பிடம் புகார் கொடுக்க 180 நாள்தான் அவகாசம். ஃபெலாவுக்கு மூன்று வருஷம் இருக்கிறது என்ற நினைப்பில் இது நழுவிவிடும். கம்பெனி நடத்தும் விசாரணையில் உங்களோடு உட்காருவது பெரும்பாலும் சங்கக் கிளையின் லோக்கல் சேர்மன்தான், வக்கீல் இல்லை. ஆனால் அங்கே பதிவாகும் ஒவ்வொரு பதிலும் நாளை கோர்ட்டுக்கு வரும். முந்தின நாளே சேர்மனோடு உட்கார்ந்து பேசாத வக்கீல் எனக்குச் சரிப்படாது.

பிஎன்எஸ்எஃப் ரயில் கம்பெனி - டிரெல் வழக்கில் 2017-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, தாராளமான ஜூரி உள்ள ஊராகப் பார்த்து முன்போல எளிதாகக் கேஸ் போட முடிவதில்லை. பெரும்பாலும் கம்பெனியின் சொந்த மாநிலம் அல்லது விபத்து நடந்த மாநிலம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பட்டியலில் இருப்பவர் அந்த மாநிலத்தில் உண்மையிலேயே ஜூரி முன் வாதாடுகிறவரா என்று கேளுங்கள். எல்லாக் கேஸையும் செட்டில் பண்ணியே முடிப்பவர் என்றால், அது கம்பெனிக்கும் தெரிந்திருக்கும்.

கையெழுத்துக்கு முன் ஒன்று. இழந்த சம்பளத்துக்கான பணத்துக்கு ரயில்வே ஓய்வூதிய வரி உண்டு என்று 2019-ல் தீர்ப்பாகிவிட்டது. வரியை மிச்சம் பிடிக்க செட்டில்மென்டில் 'இழந்த சம்பளம்' என்ற தலைப்பில் காட்டும் தொகையைக் குறைக்கச் சொல்லும் வக்கீல்கள் உண்டு. ஆனால் அதே பணம் சர்வீஸ் மாதங்களாகவும் கணக்கில் சேரும். 60 வயதில் முழுப் பென்ஷனுக்குத் தேவையான 360 மாதத்தில் ஐந்தாறு மாதம் குறைகிறவர், வரியைக் கட்டிவிட்டு மாதங்களை வாங்கிக்கொள்வதுதான் லாபம்.