முதல் ஜெட் வாங்கப் போகிறீர்களா? 490 கிராம் எடையுள்ள ‘5000’ பேட்டரியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

பெங்களூரில் முதல் ஆர்சி ஜெட் (ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம்) தேடிக்கொண்டிருக்கும் தமிழ் நண்பர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மாரத்தஹள்ளியில் தங்கி வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவர் 34,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ‘முழு செட்’, இரண்டாவது தடவை பறக்கும்போதே விழுந்து நொறுங்கியது. பாகங்களைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். எதைச் சோதித்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

கடைக்காரர் தமிழிலேயே பேசியிருக்கிறார். “தம்பி, புதுசா பழகறவங்களுக்குன்னே வந்த மாடல். சார்ஜ் போட்டா போதும், பறக்கும்.” அவர் காட்டியது 70 மி.மீ. ஈடிஎஃப் விசிறி (குழாய்க்குள் மின்மோட்டாரில் சுற்றும் விசிறி) வைத்த, சண்டை விமான வடிவ ஃபோம் ஜெட். 6எஸ் (ஆறு செல்) பேட்டரி இரண்டு, டிரான்ஸ்மிட்டர், சார்ஜர் எல்லாம் சேர்த்து ஒரே விலை.

முதல் கோளாறு அன்று இரவே தெரிந்தது. பெட்டியில் இருந்தது பி3 வகை சின்ன சார்ஜர். அது 2எஸ், 3எஸ் பேட்டரிக்கு மட்டும்தான். 6எஸ் பேட்டரியின் பேலன்ஸ் பிளக்கில் (செல்களைத் தனித்தனியாகச் சமப்படுத்தி ஏற்றும் பிளக்) ஏழு முனை இருக்கும். அந்த சார்ஜரில் அதைச் செருகவே இடம் கிடையாது. மறுநாள் போய்க் கேட்டதற்கு, வேறு சார்ஜர் என்று இன்னும் 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

பெரிய ஏமாற்று பேட்டரியில். லேபிளில் 5000 எம்ஏஎச் (கொள்ளளவு), 100சி (எவ்வளவு கரண்ட் தர முடியும் என்ற அளவு) என்று அச்சடித்திருந்தது. விபத்தில் அடிபடாத இரண்டாவது பேட்டரியை முழுக்க ஏற்றி, செல்லுக்கு 3.3 வோல்ட் வரை இறக்கி அளந்தால் வந்தது 3100. உண்மையான 6எஸ் 5000 பேட்டரி பெரும்பாலும் 700 முதல் 800 கிராம் இருக்கும். இது 490 கிராம். சமையலறைத் தராசில் வைத்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அது எப்படி விமானத்தை விழவைத்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 50 ஆம்பியர் இழுத்தால், 5000 பேட்டரியில் 80 சதவீதம் தீர 4 நிமிடம் 48 வினாடி ஆகும். அதனால் டிரான்ஸ்மிட்டரில் 4 நிமிட டைமர் வைத்துக் கொடுத்தது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 3100 பேட்டரி 3 நிமிடத்திலேயே அந்த அளவைத் தாண்டி, 3 நிமிடம் 43 வினாடியில் முற்றாகத் தீர்ந்துவிடும். இறங்குவதற்குத் திரும்பிய இடத்தில், டைமர் அடிக்கும் முன்பே இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டாரை நிறுத்திவிட்டது. புரொப்பெல்லர் பயிற்சி விமானமாக இருந்திருந்தால் மிதந்து வந்து எங்காவது உட்கார்ந்திருக்கும். சிறிய இறக்கையும் அதிக எடையும் கொண்ட ஜெட், திருப்பத்தில் வேகம் குறைந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து அப்படியே குத்திவிட்டது.

மூக்குப் பகுதி உடைந்தபோது உள்ளேயிருந்து 180 கிராம் ஈயம் விழுந்தது. பேட்டரி இலேசாகப் போனதால் எடை மையம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. அதைச் சரிக்கட்ட ஈயத்தை ஒட்டி மூடியிருக்கிறார்கள். அதாவது குறை இருப்பது தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். இதை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. இறக்கைக்குப் பின்னால் புது ஸ்டிக்கருக்கு அடியில் பழைய பசைக்கோடும் இருந்தது. ‘புதியது’ என்று விற்றது ஏற்கெனவே ஒருமுறை உடைந்து ஒட்டிய உடல்.

கடையில் விசிறியை அரை த்ராட்டிலில் (பாதி வேகத்தில்) மூன்று வினாடி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் நடுவில் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் வாட் மீட்டரை மாட்டி, விமானத்தை ஒருவர் உறுதியாகப் பிடித்துக்கொள்ள, முழு த்ராட்டிலில் பத்து வினாடி ஓட்டச் சொல்லுங்கள். காற்று உள்ளே போகும் வாய்க்கு அருகே சட்டை நுனி, கயிறு, தாள் எதுவும் வரக்கூடாது. 6எஸ் முழு சார்ஜில் 25.2 வோல்ட். ஓடும்போது 21 வோல்டுக்குக் கீழே போனால் அந்தப் பேட்டரியை வாங்காதீர்கள். மீட்டர் காட்டும் ஆம்பியரை விட இஎஸ்சியின் அளவு குறைந்தது 20 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். நல்ல சார்ஜரில் செல்களின் உள்தடையையும் பார்க்கலாம்: புதிய 5000 பேட்டரியில் பொதுவாக ஒரு செல்லுக்கு 5 மில்லிஓமுக்குள் இருக்கும். இதில் 9 முதல் 14 வரை காட்டியது. ஒயரும் மெல்லியது, உறையில் 14 கேஜ் என்றே எழுதியிருந்தது. கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்; இந்தக் கரண்டுக்கு 12 அல்லது 10 கேஜ் வேண்டும்.

பிறகு விசிறியைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். உரசல் சத்தமோ, இலைகளின் நுனியில் பொக்கையோ இருக்கக்கூடாது. உடலின் உள்ளே செல்போன் டார்ச் அடித்தால் பசைக்கோடு நிழலாகத் தெரியும்.

பேட்டரி சரியாக இருந்திருந்தாலும் அந்த வடிவமே முதல் ஜெட்டுக்கு ஏற்றதல்ல. புரொப்பெல்லர் விமானத்தில் த்ராட்டிலைக் கூட்டினால் வால் சுக்கான்கள் மேல் உடனே காற்று பாயும். ஈடிஎஃப் காற்று குழாய்க்குள்ளேயே போய் வெளியேறுகிறது. விசிறி வேகம் பிடிக்கவும் ஒரு கணம் ஆகும். அதனால் வேகம் குறைந்த பிறகு மீட்பது கடினம். நேர் இறக்கையும் ஃபிளாப்பும் (மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பு) உள்ள, 64 அல்லது 70 மி.மீ. பயிற்சி வடிவ ஜெட்டைத் தேர்ந்தெடுங்கள். நம் விமானப்படை விமானிகளே, இதே பெங்களூரில் எச்ஏஎல் கட்டிய கிரண் என்ற நேர் இறக்கைப் பயிற்சி ஜெட்டில் பழகிவிட்டுத்தான் சண்டை விமானத்துக்குப் போனார்கள். அதற்கும் முன்னால் ஏய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு) உள்ள தாழ்இறக்கை புரொப்பெல்லர் விமானத்தில் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும்.

இந்த ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. விமானம் தாங்கி நிற்கத் தேவையான வேகம் 4 சதவீதம் போலக் கூடும், விசிறியின் தள்ளுவிசையும் குறையும். சென்னையில் நன்றாக எழும்பும் ஜெட் இங்கே கூடுதல் ஓட்டம் கேட்கும். செம்மண் மைதானத்தில் சின்னச் சக்கரம் புதையும், விசிறி கல்லை உறிஞ்சும். தார் ஓடுதளம் இல்லையென்றால் வயிற்றால் இறங்கும் மாடலே மேல். எச்ஏஎல், ஜக்கூர், எலஹங்கா, தேவனஹள்ளி என்று சுற்றிலும் ஓடுதளங்கள் இருப்பதால், அரசின் ட்ரோன் தளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைச் சரிபார்க்காமல் எங்கும் பறக்கவிடாதீர்கள்.

பணம் யாரோ ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்குப் போயிருக்கிறது. கையில் கிடைத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச்சீட்டு. “விழுந்த விமானத்துக்கு வாரண்டி கிடையாது” என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். அதனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தம்பி கொடுத்த புகார் விமானத்தைப் பற்றியது அல்ல, பேட்டரியைப் பற்றியது. அடிபடாத இரண்டாவது பேட்டரியை லேபிளோடு தராசில் வைத்துப் படம் எடுத்தாயிற்று. சார்ஜர் திரையில் 3100 காட்டியதையும் எடுத்தாயிற்று. செல்லுக்கு 3.8 வோல்டில் நிறுத்தி இரும்புப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். புகார் முடியும்வரை அதை யாருக்கும், முக்கியமாக ‘மாற்றித் தருகிறோம்’ என்று கேட்கும் கடைக்கு, எழுத்தில் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.