எச்ஆர்வியா, இஆர்வியா? டொரொன்டோ வீட்டுக்கு எது சரி

டொரொன்டோவில் இப்போது கட்டும் வீடுகள் காற்றுப் புகாதபடி இறுக்கமானவை. அதனால் பேஸ்மென்டில் ஒரு காற்றோட்டப் பெட்டி தேவைப்படுகிறது. அதில் இரண்டு வகை. வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கொடுப்பது எச்ஆர்வி (HRV). இஆர்வி (ERV) சூட்டோடு ஈரத்திலும் ஒரு பங்கைக் கைமாற்றும்.

வீட்டில் ஆட்கள் அதிகம், எந்நேரமும் சமையல், ஜனவரியில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து சட்டத்தின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறதா? உள்ளே ஈரம் அதிகம்; எச்ஆர்விதான். இருவர் மட்டுமே, உதடு வெடிக்கிறது, கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறதா? காற்று வறண்டிருக்கிறது; இஆர்வி. கோடையில் ஏசி ஓடும்போது வெளிப்புழுக்கத்தையும் அது ஓரளவு தடுக்கும். விற்பவர் என்ன சொன்னாலும், காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிஃபையரின் வேலையை அது செய்யாது.

பொருத்தும்போது எச்ஆர்விக்கு நீர் வடிய குழாய் வேண்டும். பல இஆர்விகளுக்கு அது தேவையில்லை. மற்றபடி இரண்டுக்கும் ஒரே விதிதான்: காற்று எடுக்கும் வாயும் விடும் வாயும் சுமார் 6 அடி விலகி, பனி மூடாத உயரத்தில். வெளியே போகும் இரு குழாய்களுக்கும் இன்சுலேஷன் கட்டாயம்.

ஃபில்டரை இரண்டிலும் 3 மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். எச்ஆர்வியில் சூட்டைக் கைமாற்றும் உட்கருவைப் பெரும்பாலும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். இஆர்வி உட்கருவின் சவ்வு அப்படியல்ல. பல மாடல்களில் தண்ணீர் பட்டாலே பாழ், வேக்குவம் மட்டும்தான். கையேட்டைப் பார்க்காமல் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள்.