சுவரை உடைப்பதா, வெளியே பைப் ஓட்டுவதா?

ஹால் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. விரல் வைத்தால் பொலபொலவென்று உதிரும். அதற்கு அந்தப் பக்கம் பாத்ரூம். சென்னையில் போர் தண்ணீர் ஓடும் இருபத்தைந்து வருட அபார்ட்மென்ட். சுவருக்குள் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேர வேலை சார்" என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் ஷவரில் தண்ணீர் வந்தது.

வழி இரண்டு சொன்னார். ஒழுகும் இடத்தை மட்டும் உடைத்து ஜிஐ துண்டை மாற்றுவது ஒன்று. பழைய லைனை டம்மி போட்டு அடைத்துவிட்டு, டைல்ஸ் மேலேயே சிபிவிசி பைப் (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) ஓட்டுவது இன்னொன்று.

செலவு குறைவு என்று முதலாவதற்குத் தலையாட்டினேன். ஜிஐ-யில் எல்லா மூட்டும் மரையில் முறுக்கியதுதான். நிப்பிள் என்ற சின்ன இணைப்புத் துண்டு ஒன்றைக் கழற்ற ரென்ச் போட்டால், அந்த முறுக்கு பக்கத்து எல்போவையும் (வளைவு மூட்டு) பிடித்து இழுக்கிறது. துருப்பிடித்த எல்போ எவ்வளவு தாங்கும்? ஒரு டைல் உடைக்கப் போய் ஐந்து போயிற்று. கழன்று வந்த துண்டை வாங்கிப் பார்த்தேன்: அரை இஞ்ச் பைப்பில் உப்பும் துருவும் போக மிச்சம், பென்சில் நுழையும் ஓட்டை. சுவருக்குள் இருக்கும் மற்ற மூட்டுகளுக்கும் அதே வயசு. அங்கேயே மனசு மாறிவிட்டது.

இரண்டாவது வழியிலும் நேரம் போகும், ஆனால் வேறு இடத்தில். மொட்டை மாடி கேட் வால்வை எத்தனையோ வருடமாக யாரும் தொட்டதில்லை. மூடினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. சிபிவிசி-யை ஒட்டும் சால்வென்ட் பசை ஈரத்தில் ஒட்டாது. கீழ் வீட்டுக்காரர்களிடம் சொல்லித் தொட்டியையே காலி செய்ய வேண்டியதாயிற்று. நடுவே என் பங்குக்கு நானும் ஒரு மணி நேரத்தைக் கெடுத்தேன். கடையில் வெறுமனே "அரை இஞ்ச் எல்போ" என்று கேட்டேன், பச்சைத் தண்ணீருக்கு மட்டுமான பிளாஸ்டிக், யுபிவிசி-யைக் கொடுத்துவிட்டார்கள். அளவின் பெயர்தான் ஒன்று. அரை இஞ்ச் சிபிவிசி-யின் வெளிவிட்டம் 15.9 மி.மீ., யுபிவிசி-க்கு 21.3 மி.மீ. ஒன்றில் ஒன்று சேராது. யுபிவிசி கீசர் லைனுக்கும் ஆகாது. குழாய் மாட்டும் முனைக்குப் பித்தளை மரை வைத்த எல்போ கேட்டு வாங்குங்கள்.

டைல்ஸ் மேல் பைப் ஓடுவது அழகில்லைதான். பின்னால் சோப்பு அழுக்கும் சேரும். ஆனால் ஒழுகினால் அன்றே கண்ணுக்குத் தெரியும். ஜிஐ இருபது வருடம் தாண்டியிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். குழாயின் அடியிலேயே கசிகிறது என்றால் மட்டும் முதல் வழி போதும். அது நிஜமாகவே அரை மணி நேர வேலை. சுவரைக் கொத்திப் புது லைனை உள்ளேயே பதிப்பதெல்லாம் பாத்ரூமையே புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் 8-க்கு 12 இஞ்ச் டைல் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஐந்து இடத்திலும் வேறு நிறம். ஹாலுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ஒரு மாதமாகியும் சுவரில் கை வைத்தால் சில்லென்றிருக்கிறது.