வேலூரில் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு உபுண்டு போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாதிரி உபுண்டு என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், 22.04 பதிப்பு. அதில் என் பழைய கலர் பிரிண்டரை ஓடவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைவிடப் புதிய 24.04-க்கு மாறினாலும் அது ஓடுமா என்று பார்க்க ஆசை. ஆனால் ஓடுகிற சிஸ்டத்தில் கை வைக்கப் பயம். அதே டிஸ்கில் வேறு பார்ட்டிஷனில் (தனியாகப் பிரித்த பகுதியில்) இன்னொரு 22.04 போட்டு, சோதனையெல்லாம் அதில் செய்யலாம் என்று நினைத்தேன்.

போட எனக்கே தெரியும். முகூர்த்த மாதம், நேரமில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிக் கடையில் கொடுத்தேன். "வுட்டுட்டுப் போங்க சார், சாயந்திரம் வாங்கிக்கலாம்" என்றார். 1,200 ரூபாய். பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே சொல். சாயந்திரம் ஆன் செய்து காட்டினார், எதில் நுழைவது என்று கேட்கும் கிரப் மெனுவில் உபுண்டு இரண்டு வரியாக வந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இரண்டாவது வரியில் நுழைந்தால் என் பைல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. புதிதாகப் போட்டதில் என் பைல்கள் எப்படி வரும்? அப்போதே உறைத்திருக்க வேண்டும். காப்பி எடுத்துப் போட்டிருக்கிறார், அதுவும் நல்லதுதான் என்று 24.04-க்கு அப்கிரேடு செய்தேன். பிரிண்டர் ஓடவில்லை. சரி, இதற்குத்தானே சோதனை என்று முதல் வரிக்குத் திரும்பினேன். அங்கேயும் 24.04! குடியாத்தம் பார்ட்டியின் 300 பத்திரிகையை வேறு பிரஸ்ஸில் கெஞ்சி அடித்துக் கொடுத்தேன்.

காட்பாடியில் படிக்கும் அக்கா மகன் வந்து பார்த்தான். "மாமா, ரெண்டுக்கும் ஒரே யூயூஐடி" என்றான். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யூயூஐடி என்று ஒரு நீள எண் உண்டு. உபுண்டு கிளம்பும்போது தன் பார்ட்டிஷனை அந்த எண்ணை வைத்துத்தான் தேடும். முறையாக இன்ஸ்டால் செய்தால் புது எண் விழும். கடைக்காரர் இன்ஸ்டாலே செய்யவில்லை. பார்ட்டிஷனை அப்படியே நகலெடுத்ததில் எண்ணும் சேர்ந்து நகலாகிவிட்டது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. எந்த வரியை அமுக்கினாலும் ஒரே வீட்டுக்குள்தான் போயிருக்கிறேன்.

நகலெடுப்பது தப்பில்லை. எடுத்த பிறகு எண்ணை மாற்றி, எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று குறித்திருக்கும் எஃப்எஸ்டேப் பைலையும் கிரப்பையும் திருத்த வேண்டும். அவன் பென் டிரைவிலிருந்து பூட் செய்து அதைத்தான் செய்தான். நான் தொடாத இன்னொரு பார்ட்டிஷனில் பழைய 22.04 பிரிண்டரோடு பத்திரமாக இருந்தது, என் அதிர்ஷ்டம்.

கடையில் போய்க் கேட்டேன். "மெனுவுல ரெண்டு வருதுல்ல, இன்னும் இன்னா சார் வேணும்?" என்றார். பணம் திரும்பவில்லை. அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளலாமாம்!

காசு கொடுக்கும் முன் அங்கேயே ஒன்றில் நுழைந்து டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் போடுங்கள். ரீஸ்டார்ட் செய்து மற்றதில் நுழையுங்கள். அங்கேயும் அந்த போல்டர் இருந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள். ஆனால் கம்ப்யூட்டர் எதிலிருந்து கிளம்பலாம் என்று காட்டும் பயாஸ் பூட் பட்டியலில் உபுண்டு ஒரே ஒரு தடவை வந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். முறையாகப் போட்ட இரண்டு உபுண்டுவும் கிளம்புவதற்கான பைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒரே போல்டரில்தான் எழுதும். கடைசியாகப் போட்டதன் மெனுதான் வரும்.