ராஜேந்திரனை விட்டுக் குலோத்துங்கனிடம் போனேன்

எங்கள் தெரு நூலகத்தில் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். தலைப்பு: போரையும் தூதையும் வாரிசுச் சண்டையையும் ஒரே நேரத்தில் சமாளித்த ஒரு சோழ மன்னன். முதலாம் ராஜேந்திரனா, முதலாம் குலோத்துங்கனா என்று இரண்டு வாரம் திண்டாடி, கடைசியில் குலோத்துங்கனை எடுத்துக்கொண்டேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு முகம் வாடிவிட்டது.

வாடாமல் என்ன செய்யும்? ராஜேந்திரனின் வெற்றிப் பட்டியல் அப்படிப்பட்டது. ஈழம், கங்கை, 1025இல் கடாரம். எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுவதால் நீட்டவில்லை. வாரிசு விஷயத்திலும் அவரைக் குறை சொல்ல இடமில்லை. 1014இல் தனியாட்சி ஏற்றவர், 1018லேயே மகன் ராஜாதிராஜனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிட்டார். தந்தையும் மகனும் கால் நூற்றாண்டு சேர்ந்தே ஆண்டார்கள்.

ஆனால் நாட்டைப் பிடிக்க ஆகும் செலவு வேறு, வைத்துக்கொள்ள ஆகும் செலவு வேறு. வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். ராஜேந்திரன் விட்டுச்சென்ற பரப்பைக் காக்க, அடுத்து வந்த சோழர்கள் தக்காணத்தை ஆண்ட மேலைச் சாளுக்கியரோடு மோதவேண்டியிருந்தது. 1054இல் கொப்பத்துப் போரில் ராஜாதிராஜன் யானை மீதே மாண்டார். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடி சூடிக்கொண்டார். அவருக்குப் பின் இன்னொரு தம்பி வீரராஜேந்திரன். அவருடைய மகன் அதிராஜேந்திரன் 1070இல் பட்டத்துக்கு வந்த சில மாதங்களில் இறந்துபோனார். முதலாம் ராஜேந்திரன் மறைந்த 26 ஆண்டுகளில் நான்கு அரசர்கள்!

அந்த இடத்தில்தான் குலோத்துங்கன் வருகிறார். தந்தை, ஆந்திரக் கரையோர நாடான வேங்கியின் அரசர் ராஜராஜ நரேந்திரன். தாய் அம்மங்கைதேவி, முதலாம் ராஜேந்திரனின் மகள். தாத்தா செய்த திருமண உறவுதான் பேரனுக்குச் சோழ அரியணையைக் கொடுத்தது என்பதால், ராஜேந்திரனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதிராஜேந்திரன் இறந்து குலோத்துங்கன் பட்டமேறிய 1070இல் நடந்தது கலகமா, சூழ்ச்சியா? சாளுக்கிய அவைப் புலவர் பில்ஹணரின் காவியம் ஒன்று சொல்கிறது, கலிங்கத்துப்பரணி வேறொன்று சொல்கிறது. முதலாவது எதிரியின் அவைக் கவிதை, இரண்டாவது சொந்த அவைக் கவிதை. இரண்டையும் வைத்து நான் தீர்ப்பு எழுதமாட்டேன்.

வேங்கிதான் என்னைக் குலோத்துங்கன் பக்கம் சாய்த்தது. முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன், கோதாவரிக் கரையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வேங்கி பற்றி நான் சொல்வதெல்லாம் படித்து அறிந்ததுதான்.

வேங்கியை அவர் தம் பிள்ளைகளை மாற்றி மாற்றி அனுப்பி ஆண்டார். முதலில் போன மும்முடிச் சோழன், அரசாள்வதைவிடப் பெற்றோருக்குப் பணிவிடை செய்வதே இன்பம் என்று ஓர் ஆண்டிலேயே திரும்பிவிட்டாராம். செப்பேடு அப்படிச் சொல்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அடுத்து வீரசோழன் போனார். கடைசியாக விக்கிரம சோழன் போனார். 1118இல் முதுமையடைந்த குலோத்துங்கன், விக்கிரமனைத் தெற்கே அழைத்து இளவரசாக்கினார். காவல் தளர்ந்த வேங்கி மேலைச் சாளுக்கிய அரசன் ஆறாம் விக்கிரமாதித்தனின் கைக்குப் போயிற்று. தந்தை வழியில் வந்த சொந்த மண் அது. பட்டத்துக்கு ஆள் இல்லாத நாடு என்ன பாடுபடும் என்பதை 1070இல் கண்ணால் கண்டவர், வேங்கியா வாரிசா என்று வந்தபோது வாரிசைத் தேர்ந்தார் என்றே நான் படிக்கிறேன். அடுத்த பட்டம் சண்டையில்லாமல் கைமாறியது.

ஈழத்திலும் இதே கணக்குத்தான். சிங்கள அரசன் முதலாம் விஜயபாகு 1070இல் பொலன்னறுவையை மீட்டபின், குலோத்துங்கன் அதன் பின்னால் படைகளைக் கொட்டிக்கொண்டிருக்கவில்லை. உள்நாட்டில் நிலம் அளந்தார், சுங்கம் தவிர்த்தார். சாளுக்கிய அண்ணன் தம்பி பகையில், தம்பி ஆறாம் விக்கிரமாதித்தனுக்கு எதிராக அண்ணன் இரண்டாம் சோமேசுவரன் பக்கம் நின்றார்; அது பலிக்கவில்லை. இன்றைய தென் கர்நாடகத்துக் கங்கபாடி ஹொய்சளரிடம் போனதையும் மறைப்பதற்கில்லை. கலிங்கப் போரைப் பரணி பாடிவிட்டது, நான் பாடவேண்டியதில்லை.

பேசி முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். “எல்லாம் சரி தம்பி, கடாரம் கொண்டவர் யார்?” என்றார். ராஜேந்திரன்தான் ஐயா என்றேன். 1090இல் அதே கடாரத்து அரசனின் தூதர்கள் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டு வாங்கிப்போனதையும் சொன்னேன். அந்த வரிவிலக்கைப் பொறித்த செப்பேடு எங்கே போனது என்று கேட்டார். ஹாலந்துக்கு, லெய்டனுக்கு என்றேன். “அதையும் விட்டுவிட்டோமா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.