பழைய சோனகத் தெரு மலிவு நாலாம் நம்பர் பிளேன்: எடுக்கலாமா?

பிளேன் எண்டது மரம் இழைக்கிற கைச் சீவுளி. நேராவே சொல்லிடுறன். பெட்டியைத் திறந்த உடனே மரத்தில வைச்சு இழைக்கலாம் எண்டு நினைக்கிற ஆளெண்டா இதை எடுக்காதீங்க, காசு வீண். ஒரு பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்து தேய்ச்சுத் திருத்தப் பொறுமை இருக்கெண்டா மட்டும் எடுங்க, பத்தாயிரத்துக்குள்ள புதுசா இதை விட நல்லதொண்டு கொழும்பில என்ர கண்ணில படேல்ல. பிராண்ட் பேர் கேக்காதீங்க, பெட்டியில என்னத்தை அடிச்சிருந்தாலும் உள்ளுக்க இருக்கிறது கிட்டத்தட்ட ஒரே சாமான்தான்.

எனக்கு வெள்ளவத்தையில ஃபிளாட், வேர்க்ஷொப் எண்டு சொல்றது பல்கனியைத்தான். அங்க மெஷின் வாளைப் போட்டா கீழ்வீட்டு அன்ரி மேல வந்திடுவா, அதால கைவாள், உளி, பிளேன் இவ்வளவுதான். இரவு எட்டு மணிக்கும் இழைக்கலாம், ஒரு சத்தமும் இல்ல, தூள் பறக்காது, சீவலைக் கூட்டி அள்ளினாச் சரி.

கடையைப் பற்றியும் சொல்லோணும். பழைய சோனகத் தெருவில ஹாட்வெயார் கடைகள் வரிசையா இருக்கு, வெள்ளி மத்தியானம் மட்டும் போகாதீங்க, ஜும்மாவுக்குப் பூட்டியிருப்பாங்க. நான் போன கடை நானா "யாருக்கு மகள் எடுக்கிறீங்க, வாப்பாவுக்கா?" எண்டார், "எனக்குத்தான் நானா, பெட்டியைத் திறந்து பாக்கலாமா?" எண்டு கேக்க ஒண்டும் சொல்லாம இன்னும் ரெண்டு பெட்டியையும் எடுத்து முன்னால வைச்சார். ஒரு ஸ்டீல் ரூலர் கொண்டு போய் அடியில நிமித்தி வைச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க, ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் கோணியிருக்கும், ஆகக் குறைவாக் கோணினதை எடுங்க. அந்த நானாவுக்கு அஞ்சு ஸ்டார்.

இனிச் சாமான். நீளம் ஒம்பதரை இஞ்சி, அலகு ரெண்டு இஞ்சி அகலம், வழமையான நாலாம் நம்பர் அளவு. என்ரதில வாய்க்கு (அடியில அலகு வெளிய நீட்டுற வெட்டு) முன்பக்கம் குழி விழுந்திருந்தது, அதுதான் பெரிய பிழை, ஏனெண்டா அலகு வெட்ட முதல் நாரை அமத்திப் பிடிக்கிறது அந்த இடம்தான். தடிச்ச கண்ணாடியில 80 நம்பர் சேண்ட் பேப்பரை ஒட்டி, அலகை உள்ளுக்கிழுத்து, ஆனா பூட்டினபடியே வைச்சுத் தேய்க்கோணும். அடி முழுக்க மினுங்கத் தேவையில்ல, மூக்கு, வாய்க்கு முன்பக்கம், குதி மூண்டும் ஒரே மட்டத்துக்கு வந்தாக் காணும். அலகுக்கு மேல வாற தகடும் சரியாப் பொருந்தேல்ல, இடைவெளிக்குள்ள சீவல் போய் அடைச்சுக்கொண்டே இருந்தது, அரத்தால ராவித்தான் சரிவந்தது. அலகை 25 பாகையில சரிச்சு நுனியை மட்டும் 30இல ஒயில் ஸ்டோனில தீட்டினன், இரும்பு நான் நினைச்சதை விட நல்லம், கூரும் நிக்குது.

மரத்தில எப்பிடி எண்டு கேட்டா, நான் ஒரு சின்னப் புத்தக றாக்கைக்கு மொரட்டுவையில பலாப்பலகை எடுத்தனான், மெஷினில இழைச்சுத்தான் தந்தவங்கள், ஆனா சாய்ச்சுப் பாத்தா அலை அலையா மெஷின் தடம். பலாவில நார் ஒரு இடத்தில இஞ்சால ஓடும் அடுத்த இடத்தில அங்கால ஓடும், எந்தப் பக்கத்தால இழைச்சாலும் எங்கயோ ஒரு இடத்தில சிலாம்பு பிய்யும். மேல்தகட்டை அலகு நுனிக்கு அரை மில்லிமீற்றரிலயும் கிட்டவாக் கொண்டு வந்தா சீவல் எழும்பின உடனேயே மடிஞ்சு முறியுது, பிய்யிறது நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு வந்த சீவலைப் பாக்கோணும், நல்ல மஞ்சள், அப்பிடியே சுருண்டு சுருண்டு வருது (பிக்குமாரின்ர காவிக்குச் சாயம் அவிச்ச மரமெல்லோ, கையும் மஞ்சளாத்தான் போகும்).

குறையள் இருக்கு. கைபிடி பிளாஸ்டிக், அச்சு விளிம்பு உள்ளங்கையில குத்துது. அலகை ஏத்தி இறக்கிற சில்லு சும்மா ஒரு சுத்துச் சுத்தின பிறகுதான் பிடிக்குது, பழகினாப் பிரச்சினையில்ல. பெட்டியில எண்ணெயைப் பூசித் தந்தாலும் துடைச்சிட்டு விட்டா எங்கட கடல்காத்துக்கு உடனே துரு, தையல் மெஷின் எண்ணெய் நனைச்ச துணியால ஒவ்வொருக்காவும் துடைக்கோணும். அடிக்கு மெழுகுதிரி தேய்ச்சா வழுக்கிக்கொண்டு போகும்.

இதின்ர டிசைன் லெனார்ட் பெய்லி எண்ட அமெரிக்கரின்ர, ஸ்டான்லி கொம்பனி அவர்ட பேட்டன்டுகளை 1869இல வாங்கினது, இண்டைக்கும் பெரிசா மாறேல்ல. அதால தாத்தாமாரின்ர பெட்டிக்குள்ள இங்கிலாந்து ஷெஃபீல்டில செய்த பழைய ஸ்டான்லி பிளேனோ ரெக்கோர்ட் பிளேனோ கிடக்குதெண்டா, வெடிப்பு இல்லாட்டி, துருப்பிடிச்சிருந்தாலும் அதையே எடுத்துத் துடைச்சுப் பாவியுங்க, இதை வாங்கவே வேண்டாம். இல்லாத ஆக்களுக்கு என்ர மார்க் அஞ்சுக்கு மூண்டரை. ஒயில் ஸ்டோனுக்கும் சேண்ட் பேப்பருக்கும் தனியாக் காசு கொண்டு போங்க, அதில்லாம இது வெறும் இரும்புதான்.